காந்தப் பட்டை போட்ட பார்க் பாஸ்: எங்க வீட்டு நாலு கார்டும் பட்ட பாடு

மொதல்லயே சொல்லிடுறேன், பார்க் பேரைச் சொல்லப் போறதில்ல. ரைடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அங்க வேலை பாக்குறவங்களும் தங்கமானவங்க, அதனால இது பார்க்கைப் பத்தின ரிவ்யூ இல்ல, அவங்க குடுத்த வருஷ பாஸ் கார்டைப் பத்தினது. பின்னாடி ஒரு காந்தப் பட்டை ஒட்டியிருக்குமே, கேட்டுல சர்ருனு தேய்ச்சா பச்சை லைட் எரியும், அந்தக் கார்டு. நாங்க இருக்கிறது தென்னாப்பிரிக்காவுல மிட்ராண்ட்ல, ஜோஹானஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவுல. 2022 நவம்பர்ல நாலு பேருக்கும் வருஷ பாஸ் எடுத்தோம், மூணு நாலு தடவை போனாலே போட்ட காசு வந்துரும்னு கணக்கு. காசு வந்துருச்சுதான், ஆனா அந்த ஒரு வருஷத்துல நாலு கார்டுல ஒழுங்கா கடைசி வரைக்கும் வேலை செஞ்சது ஒண்ணே ஒண்ணு, அது என்னோடது, இதை நான் பெருமைக்குச் சொல்லல, எங்க வீட்டுக்காரர் படிக்கட்டும்னுதான் சொல்றேன்.

எனக்கு இந்த கார்டு சமாச்சாரம் கொஞ்சம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி சென்னையில ஒரு ஓட்டல்ல ஃப்ரன்ட் டெஸ்க்ல நாலு வருஷம் இருந்தேன். ரூம் சாவி எல்லாம் இதே மாதிரி கார்டுதான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு லிஃப்ட்ல இறங்கி வந்து "மேடம், கதவு திறக்க மாட்டேங்குது"னு நிக்கிற ஆளுங்கள எத்தனை பேரைப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. கார்டை வாங்குவோம், மெஷின்ல ஒரு இழு இழுப்போம், திருப்பிக் குடுத்துருவோம், மொத்தம் பத்து செகண்டு. அந்த ஞாபகத்துலதான் பார்க் கவுன்டர்ல கார்டை வாங்கின உடனே எல்லாரும் முன்பக்கம் போட்டோ எப்படி விழுந்திருக்குனு பாத்துக்கிட்டு இருந்தப்ப நான் திருப்பிப் பின்பக்கத்தைப் பாத்தேன். பட்டை பிரவுன் கலர். நம்ம கோவில்பட்டி தீப்பெட்டி ஓரத்துல உரசுற மருந்துப் பட்டை இருக்குமே, அச்சு அசல் அந்தக் கலர். அப்பவே மனசுல பட்டுச்சு, இது ஒரு வருஷம் தாங்குறது கஷ்டம்னு.

ஏன்னா இந்தப் பட்டையில ரெண்டு ஜாதி உண்டு. பிரவுனா இருக்கிறது பெரும்பாலும் லோ-கோ, அதாவது காந்தத்தைக் கொஞ்சமாத்தான் புடிச்சு வச்சுக்கும், 300 ஓர்ஸ்டெட் அளவு (ஓர்ஸ்டெட்னா காந்த பலத்தை அளக்குற அலகு). இன்னொண்ணு கறுகறுன்னு இருக்கும், அது ஹை-கோ, 2750, சிலது 4000. பேங்க் கார்டுல இருக்கிறது அந்தக் கறுப்புப் பட்டைதான். நம்பரைப் பாத்தாலே தெரியும், ஒம்பது மடங்குல இருந்து பதிமூணு மடங்கு வரைக்கும் வித்தியாசம், அவ்ளோ பெரிய காந்தம் கிட்ட வந்தாத்தான் கறுப்பு அழியும். ஓட்டல்ல பிரவுன் போடுறதுக்கு ஒரு நியாயம் இருக்கு, இன்னைக்கு ஒருத்தர் நாளைக்கு ஒருத்தர்னு அதே கார்டை அழிச்சு அழிச்சு எழுதணும், சுலபமா அழியிறதுதான் அங்க வசதி. ஒரு வருஷத்துக்கு ஒரே நம்பர் இருக்க வேண்டிய பாஸுக்கு பிரவுன் பட்டையை எதுக்குப் போடணும்? எனக்கு இதுக்கு விலை குறைவுன்றதைத் தவிர வேற காரணம் தெரியல.

சரி, மொத பலி எங்க வீட்டுக்காரர் கார்டு. வாங்கி மூணு வாரம்கூட ஆகல. ரெண்டாவது தடவை போறோம், சனிக்கிழமை, பின்னாடி க்யூ, பையன் ஏற்கனவே கம்பிக்கு அந்தப் பக்கம் போய் குதிச்சுக்கிட்டு இருக்கான், இவர் தேய்க்கிறாரு, சிவப்பு லைட். திருப்பிப் போட்டுத் தேய்க்கிறாரு, சிவப்பு. சட்டையில தொடச்சுத் தேய்க்கிறாரு, ஊதித் தேய்க்கிறாரு, சிவப்புதான். கடைசியில தனியா ஒரு கவுன்டருக்கு அனுப்பி, நாப்பது நிமிஷம் நிக்க வச்சு, புதுக் கார்டு அடிச்சு, அதுக்கு 60 ராண்ட் (ராண்ட்னா இந்த நாட்டுக் காசு) வாங்குனாங்க. அவர் என்னமோ "போன் சிக்னல் பட்டு அழிஞ்சிருக்கும்"னு சொல்லிக்கிட்டு வந்தாரு. ஜனவரி கடைசியில ரெண்டாவது கார்டும் அதே மாதிரி போச்சு, மறுபடியும் 60. அப்பத்தான் நான் அவர் கார்டை எங்கதான் வைக்கிறாருன்னு பாத்தேன். போனுக்கு புஸ்தகம் மாதிரி மூடுற கவர் போட்டிருக்காரு, உள்ள கார்டு வைக்க மூணு அறை, மூடுன உடனே டப்புன்னு ஒட்டிக்கிறதுக்கு ஓரத்துல ஒரு காந்தம். அந்தக் காந்தம் நேரா கார்டு பட்டை மேலதான் வந்து உக்காருது! ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடுறாரு. அழியாம என்ன செய்யும்?

போன் சிக்னலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. போனுக்குள்ள ஸ்பீக்கர்ல குட்டியா காந்தம் இருக்கும், அது லேசா ஏதாவது பண்ணலாம், நெசமான வில்லன் கவர்ல இருக்கிற காந்தமும், இப்ப புதுசா வர்ற ஐபோன் முதுகுல காந்தமா ஒட்டிக்கிற சார்ஜர், பர்ஸ் இதெல்லாமும்தான். ஆப்பிள்காரனே சொல்லியிருக்கான், போனுக்கும் அந்த சார்ஜருக்கும் நடுவுல கார்டு கீர்டு வைக்காதீங்க, பட்டை கெட்டுப்போகும்னு. லேடீஸ் ஹேண்ட்பேக்ல நடுவுல க்ளிக்குன்னு ஒட்டுற பட்டன் இருக்கே, அதுவும் அதே கேஸுதான், சின்னதா இருக்கிறதால நம்ம கண்டுக்கிறதில்ல, ஆனா நல்ல வலுவான காந்தம். ஓட்டல்ல ரூம் சாவி செத்துப்போச்சுன்னு வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு அந்தப் பட்டன்தான் காரணம். ஒரே ஒரு நல்ல விஷயம், காந்தத்தோட பலம் தூரம் போகப் போக சட்டுனு விழுந்துரும், ரெண்டு விரல் அகலம் தள்ளி வச்சாலே பெரும்பாலும் தப்பிச்சிரும். நான் என் கார்டை ஹேண்ட்பேக் உள்ள ஜிப்பு வச்ச பையில, பட்டனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வச்சிருந்தேன், அவ்ளோதான் என் ரகசியம்.

இங்க ஒரு விஷயத்துல எனக்கு இன்னும் ஆறல. காந்தம் பட்டு அழிஞ்சா கார்டு செத்துப்போறதில்ல. அந்தப் பட்டையில இருக்கிறது பெரும்பாலும் வெறும் ஒரு நம்பர்தான், உங்க பேரு, பாஸ் எப்ப முடியுது, எத்தனை தடவை வந்தீங்க எல்லாம் அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. அழிஞ்ச சிலேட்டுல அதே நம்பரைத் திருப்பி எழுதுனா முடிஞ்சுது. ஓட்டல்ல ஒரு நாளைக்கு அம்பது கார்டு அப்படித் திருப்பி எழுதுவோம், ஒரு பைசா வாங்குனதில்ல, மன்னிப்பு வேற கேப்போம். இங்க என்னடான்னா அச்சடிச்ச நல்ல பிளாஸ்டிக் கார்டை ஓரமா போட்டுட்டு புதுசு அடிச்சு 60 ராண்ட்! ரெண்டாவது தடவை நான் கூடப் போயி, "புதுசு வேண்டாம்மா, இதையே ரீ-என்கோட் பண்ணிக் குடுங்க"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஒரு மாதிரி முழிச்சா, உள்ள போய் யாரையோ கேட்டா, "எங்க கொள்கைப்படி புதுக் கார்டுதான்"னு வந்து சொன்னா. மூணாவது தடவை, அது பையனோட கார்டு, வேற ஒரு பையன் இருந்தான் கவுன்டர்ல, கேட்டேன், "ஓ ஷுவர்"னு வாங்கி மெஷின்ல இழுத்துக் குடுத்துட்டான், காசும் இல்ல கீசும் இல்ல. ஆக கொள்கைன்றது அன்னைக்கு யார் உக்காந்திருக்காங்கன்றதைப் பொறுத்தது. நீங்க எந்த பார்க்குக்குப் போனாலும் மொதல்ல இந்த வார்த்தையக் கேட்டுப் பாருங்க, கேட்டாத் தப்பில்ல.

பையன் கார்டு கதை தனி. ஆறு வயசு, கார்டு அவன் டவுசர் பாக்கெட்லதான் இருக்கும், "என் கார்டு நான்தான் தேய்ப்பேன்". மொதல்ல வாஷிங் மெஷின்ல போச்சு. நான் செத்துச்சுன்னு நெனச்சேன், ஆனா ஒண்ணுமே ஆகல, காய வச்சுத் தேய்ச்சா பச்சை. தண்ணியால காந்தம் அழியாது, உப்புத் தண்ணியாலயும் அழியாது, மழையில நனைஞ்சுச்சுன்னு பதற வேண்டாம், தொடச்சிட்டு ஈரம் போக வச்சா போதும். அடுத்து, ஊர்ல இருந்து எங்க அம்மா குடுத்தனுப்புன கடலை மிட்டாய். அதைத் தின்ன கையோட கார்டைப் புடிச்சு, வெல்லப் பிசுக்கு பட்டை மேல மெல்லிசா காஞ்சு போய், அது மேல பாக்கெட் தூசி ஒட்டி, பாக்குறதுக்கு ஈ ஒட்டுற பேப்பர் மாதிரி இருந்துச்சு. அதைத் தேய்ச்சா கார்டு படிக்காதது மட்டுமில்ல, மெஷின் உள்ள பட்டையைப் படிக்கிற தலையில அந்தப் பிசுக்கு ஒட்டி அடுத்து வர்றவங்க கார்டையும் கெடுக்கும். இதுக்கு நான் செய்றது, மூக்குக்கண்ணாடி தொடைக்கிற மெல்லிசு துணியில ஐசோபுரோபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு, பட்டையோட நீளவாக்குல ரெண்டு இழு, அவ்ளோதான். மருந்துக் கடையில கிடைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வச்சிராதீங்க, அதுல இருக்கிற அசிட்டோன் பிளாஸ்டிக்கையே இளக்கிரும், ஓட்டல்ல ஒருத்தங்க ரொம்பப் பொறுப்பா சுத்தம் பண்ணிக் கொண்டு வந்தாங்க, கார்டு பசை மாதிரி ஆகியிருந்துச்சு. ஆல்கஹாலையும் பட்டை இருக்கிற பக்கம் மட்டும் தொடைங்க, போட்டோ பக்கம் போனா மை இழுகிரும்.

அவன் கார்டுக்கு உண்மையிலேயே எமனா வந்தது டர்பன் ஊரு கடற்கரை மணல். டிசம்பர் லீவுல ஜோஹானஸ்பர்க் மொத்தமும் என்-3 ரோட்டைப் புடிச்சு டர்பனுக்கு இறங்கும், கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், நாங்களும் இறங்குனோம். பீச்சுல நாலு நாள், பையன் அதே டவுசர், பாக்கெட்ல கார்டு, கார்டோட ஒரு கைப்புடி மணல், ரெண்டு சோழி. மணல்னா என்ன, கண்ணாடி செய்ற சாமான், பிளாஸ்டிக்கை விட எவ்வளவோ கெட்டி, நடக்க நடக்க உள்ள கெடந்து அரைச்சிருக்கு. திரும்பி வந்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன், பட்டை மேல நூல் நூலா கீறல், குறுக்க ஒரு கீறல் மட்டும் வெள்ளையா அடி பிளாஸ்டிக் தெரியிற அளவுக்கு. காந்தம் அழிச்சதைத் திருப்பி எழுதலாம், ஆனா இப்படி மேல் பூச்சே போயிருச்சுன்னா அந்த இடத்துல எழுத முடியாது. பட்டைக்குள்ள நம்பர் எழுதுறதுக்கு மூணு தடம் இருக்கும், ஒவ்வொண்ணும் மூணு மில்லிமீட்டர்கூட அகலம் கிடையாது, கார்டு ஓரத்துக்குப் பக்கத்துல இருக்கிறது மொத தடம். குறுக்க விழுந்த ஒரு ஆழமான கீறல் மூணையும் வெட்டிரும், நீளவாக்குல விழுந்தா அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு தடமாவது தப்பிக்கும்.

அந்தக் கீறல் விழுந்த கார்டை வச்சுக்கிட்டு பிப்ரவரியில கேட்டுல நிக்கிறோம், சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அங்க ஒரு வயசான அம்மா இருப்பாங்க, எல்லாரும் அவங்கள மாமான்னுதான் கூப்புடுவாங்க, இங்க மாமான்னா அம்மாதான், நம்ம மாமா இல்ல. அவங்க ஒண்ணுமே சொல்லாம தன் பையில இருந்து காய்கறி போட்டுக் குடுக்குற மெல்லிசு பிளாஸ்டிக் கவர் ஒண்ண எடுத்து, கார்டு மேல சுருக்கம் இல்லாம இழுத்துச் சுத்தி, கட்டைவிரலால ஓரத்தை இறுக்கிப் புடிச்சு, ஒரே இழு. பச்சை! என் பையன் அவங்கள மந்திரவாதியப் பாக்குற மாதிரி பாத்தான். இது மந்திரம் இல்ல, மெஷின் தலைக்கும் பட்டைக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி விழுறதால கீறல்ல இருந்து வர்ற குட்டிக் குட்டி கோளாறெல்லாம் மங்கி, நெசமான எழுத்து மட்டும் தெரியும். கல்லாவுல நிக்கிறவங்களுக்கு உலகம் பூரா தெரிஞ்ச வித்தை இது. இதுல இன்னொரு வசதி, கார்டுக்கு என்ன வியாதின்னும் ஓரளவு புரிஞ்சிரும். கவர் சுத்தித் தேய்ச்சா படிக்குதுன்னா பெரும்பாலும் கீறலோ அழுக்கோதான். எத்தனை சுத்து சுத்தியும் படிக்கலன்னா பெரும்பாலும் காந்தம் அழிச்சிருக்கும், கவுன்டருக்குப் போயி திருப்பி எழுதித் தரச் சொல்லுங்க. இதுக்கு அப்புறமா மே மாசம் போல பையன் கார்டை ஃபிரிட்ஜ் கதவுல இருந்த காந்தத்துல குத்தி வச்சுட்டான், கார் பொம்மை ஒட்டுன காந்தம், அதுல அழிஞ்சதுதான் அந்த "ஓ ஷுவர்" பையன் இலவசமா எழுதிக் குடுத்தது, கீறல் இருக்கிறதால அதுக்கப்புறமும் எங்களுக்கு காய்கறிக் கவர்தான் கதி.

தேய்க்கிறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு, சொல்ல மறந்துட்டேன். மெதுவாத் தேய்ச்சா நல்லாப் படிக்கும்னு எல்லாரும் நெனக்கிறாங்க. வேகம் கூடக் குறைய இருந்தாப் பரவாயில்ல, நடுவுல நிக்கக் கூடாது, தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே மாதிரி போகணும், அடியில கார்டு தரை தட்டிப் போகணும். ஆம்பளைங்க பாதி வழியில லைட்டைப் பாக்குறதுக்கு கையை நிப்பாட்டிருவாங்க, அங்கதான் சிவப்பு.

பொண்ணு கார்டு நேர் எதிர். பதினோரு வயசு, ரொம்ப ஒழுங்கு, பார்க் கடையிலயே விக்கிற கழுத்துல மாட்டுற கயிறும், தெள்ளத் தெளிவா இருக்கிற மெத்து மெத்துன்னு ஒரு பிளாஸ்டிக் பவுச்சும் வாங்கிக்கிட்டா, 45 ராண்ட். கார்டு அதுக்குள்ள போனது போனதுதான், வெளியவே எடுக்கல, எடுத்தா தேய்க்கிறதுக்கு மட்டும். ஒரு கீறல் கிடையாது, பட்டை புத்தம் புதுசு மாதிரி. ஆனா மார்ச் மாசம் பாத்தா முன்பக்கம் அவ முகத்தையே காணோம்! மூக்கு இருக்கிற இடத்துல வெளிறிப்போய் ஒரு தடம், பேருல ரெண்டு எழுத்து காணோம். எங்க போச்சுன்னு பாத்தா பவுச் உள்பக்கத்துல கண்ணாடியில தெரியிற மாதிரி தலைகீழா அவ மூஞ்சி ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்ம ஊர்ல பஸ் பாஸை, ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்தா ஜெராக்ஸ் எழுத்தெல்லாம் கவர்ல ஒட்டிக்கிட்டு வருமே, அதே கதை. மெத்துன்னு இருக்கணும்னு அந்த பிளாஸ்டிக்ல ஒரு மாதிரி எண்ணெய் சேர்ப்பாங்க, அது கசிஞ்சு கார்டுல சூடு வச்சு அச்சடிச்ச மையை இளக்கி இழுத்துக்கும். இதுல வெயிலுக்குப் பூசுற கிரீம் கையும் பட்டா சீக்கிரம் போயிரும்.

முகம் போனா என்ன, பட்டைதான் படிக்குதேன்னு விட்டுட்டோம். அங்கதான் மாட்டுனோம். 2023 இந்த நாட்டுல கரன்ட் எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங், ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல புடுங்குனான். ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க போன நேரம் கரன்ட் இல்ல, ரைடுக்கெல்லாம் ஜெனரேட்டர் ஓடுது, கேட்டுல மட்டும் மெஷின் நெட்வொர்க் போச்சு. ரெண்டு பேரு நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு கார்டு நம்பரை எழுதிக்கிட்டு, போட்டோவையும் முகத்தையும் பாத்து உள்ள விடுறாங்க. அன்னைக்குப் பட்டை எல்லாம் வெறும் அலங்காரம்தான். கீறல் விழுந்த பையன் கார்டு, போட்டோ நல்லாருக்கு, உள்ள போ. புத்தம் புதுப் பட்டை வச்சிருக்கிற பொண்ணு கார்டு, மூஞ்சி இல்ல, நில்லு. "இது யாருன்னு எப்படி நம்புறது"ன்னு கேக்குறாரு. நல்ல வேளை, வாங்குன அன்னைக்கே நாலு கார்டையும் முன்ன பின்ன போனுல போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதைக் காட்டி, அவ அழ ஆரம்பிச்சு, அவரே சங்கடப்பட்டு விட்டுட்டாரு. அந்தப் பழக்கம் மட்டும் எல்லாரும் வச்சுக்கங்க. அச்சடிச்ச நம்பர் தெரிஞ்சாப் போதும், கார்டே தொலைஞ்சாலும் கவுன்டர்ல கண்டுபுடிச்சிரலாம்.

பவுச்சுக்கு என் மார்க்கு பத்துக்கு ரெண்டு, கயிறுக்கு எட்டு. அந்தப் பவுச்சைத் தூக்கிப் போட்டுட்டு ஆபீஸ் ஐடி கார்டுக்குப் போடுற கெட்டி பிளாஸ்டிக் கேஸ் வாங்குனேன், ரெண்டு பக்கமும் விறைப்பா இருக்கும், கட்டைவிரலால தள்ளுனா கார்டு வெளிய வரும். ஸ்டேஷனரி கடையில 25 ராண்டுக்குள்ளதான். இது பத்துக்கு ஒம்பது. ஒரு மார்க்கு எதுக்குக் குறைச்சேன்னா உள்ள மணல் போயிருச்சுன்னா இதுவே அரைக்கிற கல்லு ஆயிரும், அப்பப்ப தட்டி ஊதணும். ஒரு கேஸுக்கு ஒரே கார்டு, ரெண்ட ஒண்ணா திணிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உரசும். கயிறு மாட்டுறதுக்குன்னு கார்டுலயே ஓட்டை போடுறவங்களையும் பாத்தேன், ஒருத்தர் நேரா பட்டை மேலயே பஞ்ச் பண்ணிட்டு ஏன் படிக்கலன்னு கேக்குறாரு, அவருக்கு நான் என்ன சொல்ல.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியப் பத்திச் சொல்லாம விட்டா கோவிச்சுக்குவாங்க. அவங்க பொறந்து வளந்தது டர்பன் சாட்ஸ்வர்த், 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து ஒப்பந்தக் கூலிகளா வந்தவங்க காலத்துக்குக் கொஞ்சம் பின்னாடி வந்த குடும்பமாம், வீட்டுல பேசுறது முழுக்க இங்கிலீஷ்தான், ஆனா ஆயா, தாத்தா, பெரியம்மான்னு உறவு முறையெல்லாம் தமிழ்லதான் வரும், என்னைப் பாத்தா "வா மா, சாப்டியா" மட்டும் சுத்தத் தமிழ். பேரப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக அவங்களும் பாஸ் எடுத்திருந்தாங்க. டிசம்பர்ல அவங்களும் டர்பன் போனாங்க, கார்டை டேஷ்போர்டு மேல வச்சுட்டு, வெயில்ல காரை மூடி நிப்பாட்டிட்டு சாப்பிடப் போயிருக்காங்க. மூடுன காருக்குள்ள கண்ணாடிக்கு அடியில 60, 70 டிகிரி சர்வ சாதாரணமா வரும், இந்தக் கார்டு பிளாஸ்டிக் அந்தச் சூட்டுலயே இளக ஆரம்பிச்சிரும். வந்து பாத்தா கார்டு அப்பளம் மாதிரி வளைஞ்சிருக்கு. 0.76 மில்லிமீட்டர் கனம்தான் அந்தக் கார்டு, மெஷின் சந்தும் அதுக்குத் தகுந்த மாதிரி ஒடுக்கமாத்தான் இருக்கும், வளைஞ்சது எப்படிப் போகும். ஆன்ட்டி என்கிட்ட கொண்டு வந்து "ஐயன் பண்ணி நேராக்கிரலாமா மா"ன்னு கேட்டாங்க. வேண்டவே வேண்டாம் ஆன்ட்டின்னு கையப் புடிச்சேன். ஆனா ஒரு தமாஷு பாருங்க, இந்த மாதிரி கார்டு பொறந்ததே இஸ்திரிப் பெட்டியாலதான்னு சொல்லுவாங்க. 1960கள் தொடக்கத்துல ஐபிஎம் கம்பெனியில ஃபாரஸ்ட் பாரின்னு ஒரு இன்ஜினியர், காந்த டேப்பைக் கார்டுல ஒட்ட வழி தெரியாம முழிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தாராம், துணி தேய்ச்சுக்கிட்டு இருந்த அவர் சம்சாரம், இந்தப் பெட்டியால தேய்ச்சுப் பாருங்களேன்னு சொல்ல, அந்தச் சூட்டுல கச்சிதமா ஒட்டிக்கிச்சாம். இதை ஆன்ட்டிகிட்ட சொன்னேன், "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னுட்டாங்க. கடைசியில ரெண்டு தடிப் புஸ்தகத்துக்கு நடுவுல ஒரு வாரம் வச்சு ஓரளவு நேரா வந்துச்சு, ஒரு பக்க ஓரம் மட்டும் தூக்கிக்கிட்டே இருந்துச்சு, அவங்க அந்த ஓரத்தை அமுக்கிக்கிட்டே தேய்ச்சு அந்த வருஷத்தை ஓட்டிட்டாங்க. 60 ராண்டு குடுக்க அவங்களுக்கு மனசு வரல.

ஏர்போர்ட் எக்ஸ்ரேல போட்டா அழிஞ்சிருமான்னு என் நாத்தனார் கேட்டா. அழியாது. அந்தக் கதவு மாதிரி நிக்கிற மெட்டல் டிடெக்டராலயும் ஒண்ணும் ஆகாது.

இதையெல்லாம் எழுதுறப்பவே தோணுது, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பட்டைன்னு. டிஸ்னிக்காரன் அமெரிக்காவுல ஆர்லாண்டோ பக்கம் இருக்கிற அவன் பார்க்குல 2013லயே தேய்க்கிறதை விட்டுட்டு தொட்டாப் போதும்னு கையில கட்டுற பட்டைக்கு மாற ஆரம்பிச்சிட்டான். மாஸ்டர்கார்டு 2033க்குள்ள பேங்க் கார்டுல இருந்தே இதை முழுசா எடுத்துருவோம்னு 2021ல சொல்லிட்டான். நம்ம ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் ஓடுற கவுட்ரெயின் ரயில்ல 2010ல இருந்து தொட்டுட்டுத்தான் போறோம். பார்க் மட்டும் இன்னும் தீப்பெட்டி ஓரத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கு. ஆனா நெசத்தைச் சொல்லணும்ல, என்கிட்ட இருந்த கார்டு அதே பிரவுன் பட்டைதான், ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. பன்னெண்டு மாசம், பதினேழு தடவை, எல்லாம் மொத இழுப்புலயே பச்சை. அதனால கார்டுக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார், கவுன்டர் கொள்கைக்கு ஒண்ணு, அந்த மாமாவுக்கு அஞ்சு.

2023 நவம்பரோட பாஸ் முடிஞ்சுச்சு. முடிஞ்ச கார்டுதானேன்னு ஒரு வேலை பண்ணேன். ஓட்டல்ல மெஷின் ரிப்பேர் பாக்க வர்றவர் ஒரு தடவை எங்களுக்கு வேடிக்கை காட்டுனாரு, பட்டை மேல மாவு மாதிரி நுணுக்கமான இரும்புத் தூளைத் தூவி லேசாத் தட்டுனா, உள்ள எழுதியிருக்கிறது கோடு கோடா கண்ணுக்குத் தெரியும். பொண்ணோட சயின்ஸ் கிட்ல இரும்புத் தூள் டப்பா இருந்துச்சு, அதுல இருக்கிறதுலயே நைஸானதை எடுத்து சாப்பாட்டு மேசையில பேப்பர் விரிச்சு என் கார்டு மேல தூவுனேன். தட்டிட்டு டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாத்தா, பட்டை நடுவுல சீப்புப் பல்லு மாதிரி சின்னச் சின்னக் கோடு, வரிசையா, ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி மாறி மாறி. பசங்க ரெண்டும் மூச்சு விடல. அப்புறம் எங்க வீட்டுக்காரரோட மொத செத்த கார்டு, கவுன்டர்ல திருப்பிக் குடுத்ததை நான் எடுத்து வச்சிருந்தேன். அதுல தூவுனா, ரெண்டு ஓரத்துலயும் கோடு இருக்கு, நடுவுல ஒரு ரூபா நாணயம் அளவுக்கு வெறும் மொட்டை, அதோட விளிம்புல மட்டும் தூள் கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கு. போன் கவரை எடுத்துட்டு வந்து அந்தக் காந்தத்தை மேல வச்சுப் பாத்தோம். அச்சா அதே இடம், அதே அளவு.

இவர் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு, "அப்ப சிக்னல் இல்லையா"ன்னாரு. புது பாஸ் எடுத்தாச்சு, இந்தத் தடவை பட்டை கறுப்பா வருது, யாரு புகார் பண்ணாங்களோ புண்ணியவான். வந்த அன்னைக்கே இவர் கார்டு மட்டும் என் ஜிப்புப் பைக்குள்ள போயிருச்சு, பையன் அந்தக் கீறல் விழுந்த பழைய கார்டைத் தூக்கிப் போட விடல, சோபா ரெண்டு மெத்தைக்கு நடுவுல தேய்ச்சு தேய்ச்சு எங்களையெல்லாம் உள்ள விட்டுக்கிட்டு இருக்கான், நான் உக்காரப் போனா, "சிவப்பு வருது ம்மா, கவர் சுத்திட்டு வாங்க"ங்குறான்.